களைப்புக் கம்போங்

என் கணவர் இறந்த பதினெட்டாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஞாயிறன்று வீட்டைக் கழுவினோம். திங்கள் காலை ஆங் மோ கியோவில் ரயில் ஏறினேன். பீஷானில் ஒரு முறையும் சிராங்கூனில் ஒரு முறையும் மாறி ஃபேரர் பார்க்கில் இறங்க வேண்டும். சரியாகத்தான் இறங்கினேன். ஆனால் இரண்டு இடத்திலும் எப்போது மாறினேன், எந்தப் படியில் ஏறினேன் என்பது நினைவில் இல்லை. அலுவலகக் கதவில் அட்டையை வைத்தபோது வந்த சின்ன சத்தம்தான் அந்த நாளில் எனக்கு முதலில் கேட்டது.

இன்னும் இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாததால் வேண்டாம் என்றேன்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் இறந்தார். கப்பல் பட்டறைகளில் வெல்டிங்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவருக்கு. தினமும் ரயிலில் மேற்கே கடைசிவரை போய், அங்கிருந்து துவாஸ் போகும் பஸ்ஸைப் பிடிப்பார். அன்று அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி பஸ் போய்விட்டது. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவதைப்போல இருந்ததால் யாரும் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் வந்து தோளைத் தட்டியிருக்கிறார். மாரடைப்பு என்றார்கள்.

மறுநாள் உடலைக் கொண்டுவந்து எங்கள் புளோக்கின் அடியில் இருக்கும் திறந்த தளத்தில், வாய்ட் டெக்கில், வைத்திருந்தபோது அந்த டிரைவர் சீருடையோடு வந்தார். நடுத்தர வயது மலாய்க்காரர். வேலைக்குப் போகும் வழியில் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு என்னிடம் வந்து, "டயர்டா தூங்குறாருன்னு நெனச்சிட்டேன் சிஸ்டர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அவருக்குப் பாக்கெட் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் துடைக்க ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகும் அப்படியேதான் இருந்தது. அழுகை வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டேன், நேரத்துக்குப் படுத்தேன். மகளின் பாலிடெக்னிக்கிலிருந்து வந்த கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். புதுச் செருப்பு கடித்துக் குதிகால் தோல் உரிந்து ரத்தம் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கழற்றிய பிறகு, தரையில் கறையைப் பார்த்த மகள் சொல்லித்தான் தெரிந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் 'ஓகே' என்றேன். அது பொய்யும் இல்லை.

எங்கள் நிறுவனம் சிறியது. பல்கலைக்கழக நூலகங்களுக்காக ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தேடித் தரும் இணையதளம் ஒன்றை நடத்துகிறது. ஒரு கடையின் மேல்மாடியில் பதினான்கு பேர் உட்கார்ந்திருப்போம். கீழே ஒரு கதவு ஆங்கில மருந்துக்கடை, அடுத்த கதவு பூமாலைக் கடை. நான் நூலக அறிவியல் படித்துவிட்டு, கல்யாணமாகித் திருச்சியிலிருந்து இங்கே வந்தவள். ஆரம்பத்தில் கட்டுரைகளுக்குத் தலைப்பு வகை போடும் வேலை பார்த்தேன். அந்த வருடம்தான் எங்கள் தலைவர் 'மேப்' என்று ஒரு புதுத் திட்டத்தை ஆரம்பித்திருந்தார்.

தேடினால் வழக்கமாக என்ன வரும்? பத்துப் பத்தாக ஒரு பட்டியல் வரும். முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள். மேப்பில் பட்டியல் கிடையாது. கறுப்புத் திரை முழுக்கப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டுரை. ஒரே மாதிரி சொற்கள் உள்ள கட்டுரைகள் பக்கத்தில் பக்கத்தில் விழும். சம்பந்தம் இல்லாதவை தள்ளிப் போகும். சுட்டியை உருட்டி நெருங்கிப் போனால் தலைப்புகள் தெரியும், விலகி வந்தால் கூட்டங்கள் மட்டும் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தக் கட்டுரை எந்தெந்தக் கட்டுரைகளை ஆதாரமாகக் காட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மெல்லிய கோடுகள் ஓடும். வேண்டியதைத் தேடிப் போகிறவர் வழியில் வேண்டாததையும் பார்ப்பார், அதில்தான் புதுசாக ஏதாவது கிடைக்கும் என்று தலைவர் சொல்வார். அவர் சீனப் பெண்மணி, நூலகராக இருந்தவர். புத்தக அலமாரிகளுக்கு நடுவே நடக்கும் சுகம் இணையத்தில் இல்லையே என்பது அவருடைய பல வருட ஆதங்கம்.

மேப்பை எழுதியவர் எங்கள் புரோகிராமர். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இவருடைய பாட்டனார் காலத்திலேயே நாகூர்ப் பக்கமிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்த குடும்பம். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். புள்ளிகளின் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் கம்போங். மலாயில் கிராமம். "இந்த ஏரியா ஃபுல்லா டெங்கு கம்போங் லா, அந்தப் பக்கம் கொசு கம்போங்" என்று அவர் விளக்கப் போய், அலுவலகம் முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது. தலைவர்கூட கூட்டங்களில் கம்போங் என்றுதான் சொல்வார்.

தவறான கம்போங்கில் விழுந்த கட்டுரைகளைக் கண்டுபிடிப்பது என் வேலை. பழைய கட்டுரைகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். அவற்றைத் தாளிலிருந்து படமாக எடுத்து ஏற்றியிருப்பார்கள். ஆரம்பத்தில் வரவேண்டிய சுருக்கமும் இருக்காது. ஆதாரப் பட்டியல் பதிப்பாளரிடமிருந்து தனியாக வந்துவிடும், ஆனால் இடம் போடுவதற்கு இயந்திரத்துக்குத் தலைப்பை மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அதை வைத்துக்கொண்டு எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிடும். பல் மருத்துவர்கள் கட்டும் 'பிரிட்ஜ்' பற்றிய கட்டுரை ஆற்றுப் பாலங்களின் நடுவே கிடக்கும். நான் அதைக் குறித்துக் கொடுப்பேன். சில குறிச்சொற்களைச் சேர்த்தால், அடுத்த புதன்கிழமை மேப்பை மறுபடி கணக்கிடும்போது அது தன் இடத்துக்குப் போய்விடும்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், தேடும் கட்டத்தில் என் கணவரின் பெயரைத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் ஆராய்ச்சியாளர் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக மாஸ்டர்ஸ் படித்தார். அப்போது அவர் செய்த சோதனைகளை அவருடைய பேராசிரியர் ஒரு கட்டுரையாக்கி, அவர் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தார். அந்த ஒன்றுதான். அது அச்சில் வந்த அன்று இரண்டு பொட்டலம் பிரியாணி வாங்கி வந்தார். மகளுக்கு அப்போது ஒரு வயது. நான் அவளுக்கு ஊட்டிக்கொண்டே, "சந்தோஷம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதை வாங்கிப் படித்த ஞாபகம் இல்லை.

திரை நகர்ந்து நகர்ந்து ஒரு புள்ளியில் நின்றது. அவருடையது உலோகங்களின் பக்கம், திரையின் வலது ஓரத்தில் இருக்க வேண்டும். அங்கே போகவில்லை. இடது பக்கம் மருத்துவக் கம்போங்குகளுக்கு நடுவே நின்றது. சுற்றிலும் இருந்த தலைப்புகளைப் படித்தேன். ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் நர்சுகளின் களைப்பு. புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர்களின் களைப்பு. லாரி ஓட்டுநர்களின் களைப்பு. பிள்ளை பெற்ற தாய்மாரின் களைப்பு.

பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது. உலோகத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அது ஒரு நாள் விரிசல் விடும். அதற்கும் ஆங்கிலத்தில் ஃபேட்டிக் என்றுதான் பெயர். மனிதருக்கு வரும் களைப்புக்கும் அதே சொல். கட்டுரையில் சுருக்கம் இல்லை. தலைப்பில் இருந்த அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இயந்திரம் அவரை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

குறித்துக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். நான் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் அங்கேதான் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன், பக்கத்தில் இருக்கும் கட்டுரைகளில் ஒன்றைத் திறப்பேன். ஒரு நாள் ஓட்டுநர்கள், ஒரு நாள் நர்சுகள். ஒருவருக்கு எவ்வளவு களைப்பு என்பதை எப்படி அளக்கிறார்கள், என்னென்ன கேள்வி கேட்கிறார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. மாடிப்படி ஏறச் சிரமமாக இருக்கிறதா? தூங்கி எழுந்த பிறகும் களைப்பு போகவில்லையா? வழக்கமாகச் செய்யும் வேலையைத் தள்ளிப்போடத் தோன்றுகிறதா? கேள்விகளைப் படித்துவிட்டு மூடிவிடுவேன். பிறகு மற்ற கட்டுரைகளைச் சரி செய்ய ஆரம்பிப்பேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது கட்டுரைகளை ஒழுங்காக அதனதன் இடத்துக்கு அனுப்பினேன்.

அவர் கடைசி இரண்டு மாதமாக "டயர்டா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு என்னோடு வருவது வழக்கம். அதை நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம். "மீன் தூக்கிட்டு வர நான் மட்டும்தானா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சோபாவில் படுத்துக்கொண்டார். நேரத்துக்குத் தூங்குங்க, போனைப் பார்க்காதீங்க என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இப்படி ஐந்து வாரம் போனது.

ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் புரோகிராமர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். தவறான இடத்தில் இருக்கும் புள்ளிகளைத் தானாகவே கண்டுபிடிக்க ஒரு வழி எழுதிப் பார்த்திருக்கிறார். ஒரு கட்டுரையின் கோடுகள் எல்லாமே வேறு கம்போங்குக்கு ஓடினால் அது சந்தேகப் பட்டியலில் வரும்.

"அக்கா, செம்மயா வேலை செய்யுது. ஆனா இது ஒண்ணு பாருங்க. உங்க ஏரியாதான், ஏற்கெனவே செக் பண்ணிட்டதா போட்டிருக்கு. எப்படி மிஸ் ஆச்சு?"

திரையில் என் கணவருடைய புள்ளி இருந்தது. அதிலிருந்து பதினைந்து இருபது கோடுகள் கிளம்பி, நர்சுகளையும் நோயாளிகளையும் தாண்டி, மேப்பின் முழு அகலத்தையும் கடந்து, வலது ஓரத்து உலோகக் கம்போங்கில் போய் விழுந்தன. பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடும் அதற்குத் தொடர்பில்லை. ஐந்து வாரமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் நான் அந்தப் புள்ளியைத் தொட்டுக் கோடுகளை ஓடவிட்டதில்லை.

புரோகிராமர் குனிந்து கட்டுரையில் இருந்த பெயர்களைப் படித்தார். துக்கத்துக்கு வாய்ட் டெக்குக்கு வந்தவர்தான், பெயர் போட்ட பலகையைப் பார்த்திருக்கிறார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா... இது அண்ணனா?" என்றார்.

"ஆமா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் தம்பி. நான்தான் விட்டுட்டேன்."

அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். "அப்படியே இருக்கட்டும்க்கா. ஒரு டாட்தானே. நான் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது லா."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதைவிட, மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது சரி. பிறகு, "இல்ல, தப்பு தப்புதான். அங்க இருந்தா தேடுறவங்களுக்குக் கிடைக்காது. சரி பண்ணிடலாம்" என்று என் வாய் சொன்னது. வேலைக்காகச் சொன்ன பேச்சு அது. பல வருடமாகச் சொல்லிப் பழகியது.

"அப்ப குறிச்சொல் வேணும்க்கா. ஸ்கேன் ரொம்ப மோசம், மெஷின் ஒரு வரியும் படிக்கல. யாராவது உக்காந்து படிச்சாத்தான் உண்டு. நான் படிக்கட்டா?"

"வேணாம். நானே படிக்கிறேன்."

சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டுப் பக்கம். பழைய எழுத்து, அங்கங்கே மை பரவியிருந்தது. கப்பலில் ஏணியையும் கைப்பிடியையும் பற்றவைக்கும் மூட்டுகள் பற்றிய கட்டுரை. என்ன அளவில் துண்டுகள் வெட்டினார்கள், எந்த இயந்திரத்தில் மாட்டினார்கள், எப்படி ஏற்றி இறக்கினார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. புரிந்த இடங்களிலும் அவர் குரல் இல்லை. பேராசிரியரின் ஆங்கிலமாக இருக்கலாம். அல்லது எல்லாக் கட்டுரையும் இப்படித்தானோ என்னவோ.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு படம். உடைந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுத்திருந்தார்கள். அடிக்கோலை ஒரு கட்டைவிரல் பிடித்திருந்தது. நகம் நடுவே பிளந்து, பிளவின் ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இரும்புத் தகடு விழுந்து அப்படி ஆகிவிட்டது என்று சொல்வார். நகம் வெட்டும்போதெல்லாம் அந்த விரலை மட்டும் கடைசியில் வெட்டுவார்.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்தது. மறுபடி சின்னதாக்கினேன்.

மகள் அறையிலிருந்து வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே என் பின்னால் நின்றாள். அவளுக்குப் பதினெட்டு வயது. அப்பா போன பிறகு அவளும் நானும் சாப்பாடு, துணி, சாவி இவற்றைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"அது அப்பா தம்ப்," என்றாள்.

"ஆமா."

"என்னம்மா இது?"

சொன்னேன். அப்பா எழுதிய கட்டுரை, ஆபீஸ் மேப்பில் தவறான இடத்தில் இருக்கிறது, மாற்றப் போகிறேன் என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேப்பைத் திறக்கச் சொன்னாள். தானே சுட்டியை உருட்டி நெருங்கிப் போனாள். பக்கத்துத் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது.

"எல்லாமே ஃபேட்டிக் பத்தி."

"மனுஷங்க களைப்பு. அப்பாவோடது மெட்டல். ஒரே வார்த்தைங்கிறதால குழம்பிடுச்சு."

"மாத்தாதம்மா."

"ஏன்?"

"இட்ஸ் நாட் ராங். அப்பா டயர்டாதான் இருந்தாரு." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஸ்டேஷன் பக்கத்துல ஓவர்ஹெட் பிரிட்ஜ் இருக்குல்ல, அதுல ஒரு நாள் ஏற முடியாம பாதியில நின்னுட்டாரு. நான் கூட இருந்தேன். ஹி வாஸ் ஸ்வெட்டிங் லைக் மேட். பாலிகிளினிக் போலாம்ப்பான்னு சொன்னேன். ஒண்ணும் இல்ல, அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவாங்கன்னாரு. நான் சொல்லல."

"எப்ப?"

"அதுக்கு முந்தின சண்டே."

நான் அவளைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்தாளோ, தேற்றுவேன் என்று எதிர்பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. எனக்கு எதுவுமே வரவில்லை.

"என்கிட்டயும் சொன்னாரு," என்றேன். "டயர்டா இருக்குன்னு ரெண்டு மாசமா சொன்னாரு. நான் மீன் தூக்கலன்னு சண்டை போட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சத்தமாக, சின்ன வயதில் அழுவதுபோல. நான் நாற்காலியை நகர்த்தி அவள் முதுகில் கை வைத்தேன். அவள் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அழுகை ஓயும்வரை கையை எடுக்கவில்லை. அப்போதும் என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

பிறகு எழுந்து இரண்டு பேருக்கும் மைலோ கலக்கினேன். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஸோ இந்தப் பேப்பர் என்ன சொல்லுது?"

"எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. கப்பல் ஏணியில வெல்டிங் எங்க முதல்ல விடும்னு பாத்திருக்காங்க. ஆளுங்க விழாம இருக்கணும்ல."

"ஓ," என்றாள். கொஞ்ச நேரம் ஐந்தாம் பக்கத்தையே பார்த்தாள். "அப்ப ஷிப் பண்றவங்க இத எப்படித் தேடுவாங்க? அவங்க நர்ஸ் பக்கம் வரமாட்டாங்கல்ல."

"வரமாட்டாங்க."

"அப்ப மாத்திடும்மா."

குறிச்சொற்களை அவளே தட்டினாள். நான் கட்டுரையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எழுத்துப்பிழை இல்லாமல் போட்டாள். வெல்டிங் மூட்டு, எஃகு, விரிசல், கப்பல் ஏணி, சுமைச் சோதனை. ஆறாவதாக என்ன போடுவது என்று கொஞ்சம் விவாதித்தோம். 'கைப்பிடி' என்று முடிவு செய்தோம். அவள் அனுப்பும் பொத்தானைத் தானே அழுத்திவிட்டு, குளிக்கப் போனாள்.

புதன்கிழமை மேப்பைக் கணக்கிட்டார்கள். மத்தியானம் பார்த்தேன். புள்ளி வலது ஓரத்துக்குப் போயிருந்தது. தொட்டேன். கோடுகள் இப்போது குட்டையாக, பக்கத்துப் புள்ளிகளுக்குள்ளேயே ஓடின. பழைய இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே காலி இடம் என்று ஒன்றும் இல்லை. மற்ற புள்ளிகள் நெருங்கி உட்கார்ந்துவிட்டன. அவர் எங்கே இருந்தார் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அன்று எழுபத்திரண்டு கட்டுரைகள் பார்த்தேன். தலைவர் வந்து, உங்கள் வேகம் யாருக்கும் இல்லை என்று பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து வெளியாட்களைக் கூப்பிட்டு மேப்பைச் சோதித்தோம். மாணவர்கள், ஆசிரியர்கள், கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் என்று வந்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, வேண்டியதைத் தேடச் சொல்வோம். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தயங்குகிறார்கள், எதைத் திறக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுவது என் பொறுப்பு. உதவி செய்யக்கூடாது என்பது விதி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தவர் கப்பல் பட்டறையில் இன்ஜினியர். கடலூர்ப் பக்கம். வந்து மூன்று வருடம் ஆகிறதாம், பகுதிநேரமாக மாஸ்டர்ஸ் படிக்கிறாராம். தமிழில் பேசலாமா என்று கேட்டார், பேசுங்கள் என்றேன். என்ன தேடப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்டீல் ஜாயிண்ட் மேடம், வெல்டு கிராக்" என்றார். நான் தாளில் எழுதிக்கொண்டேன்.

முதலில் திரை முழுக்கப் புள்ளிகளைப் பார்த்துத் திகைத்தார். பிறகு உலோகக் கம்போங்குக்கு வந்து சேர்ந்தார். பெரிய புள்ளிகள் நிறையப் பேர் ஆதாரமாகக் காட்டியவை. எல்லோரையும்போல அவரும் முதலில் அவற்றைத்தான் திறந்தார். பிறகு ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சின்னப் புள்ளிகள் பக்கம் வந்தார். என் பேனா தாளில் நின்றது. சுட்டி என் கணவருடைய புள்ளிக்கு மேலே போனது, தாண்டியது, திரும்ப வந்தது. திறந்தார்.

படித்தார். மற்ற கட்டுரைகளை அரை நிமிடத்தில் மூடியவர் இதை மூடவில்லை. ஐந்தாம் பக்கத்தில் நின்று படத்தின் கீழே இருந்த அளவுகளைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். நான் தாளில் 'திறந்தார்' என்று எழுதி, கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட்டேன். ஆறு நிமிடம்.

"மேடம், இது பழசுதான், ஆனா நம்ம வேலைக்கு அப்படியே வருது. லேடர் ஜாயிண்ட் பத்தி எழுதினவங்க ரொம்பக் கம்மி. இவர கான்டாக்ட் பண்ண முடியுமா? இவரு, இந்த ரெண்டாவது ஆத்தர். பேரப் பாத்தா நம்மாளு மாதிரி இருக்கு. ஒரு சந்தேகம் கேக்கணும்."

உதவி செய்யக்கூடாது என்ற விதி ஞாபகம் வந்தது. இது அதில் சேருமா என்று தெரியவில்லை.

"அவரு இறந்துட்டாரு," என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது, அல்லது வேறு யாராவது சொல்லியிருந்தார்கள். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அச்சச்சோ. உங்களுக்குத் தெரிஞ்சவரா மேடம்?"

"தெரிஞ்சவர்தான். முதல்ல பேர் போட்டிருக்காரு பாருங்க, அவரு புரொஃபசர். ரிட்டயர் ஆகிட்டாரு, ஆனா மெயில் போட்டா பதில் எழுதுவாரு. அவர்கிட்ட கேளுங்க."

"தேங்க்ஸ் மேடம்." பேராசிரியரின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும் அவரு?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். வயதில் பெரியவர் அறைக்குள் வந்ததும் எழுந்திருப்பார்களே, அப்படி. என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டை மூடினார், திறந்தார். "உக்காருங்க, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றேன். உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் திறந்த மாதிரி இல்லை. சும்மா புள்ளிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். போகும்போது, "மேடம், நல்லா பண்ணிருக்காரு மேடம்" என்றார். நான் தலையாட்டினேன்.

அவரை மாடிப்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். அழுகை வரும்போலத்தான் இருந்தது. அதற்குள் அடுத்து வரவேண்டிய பேராசிரியை படியேறி வந்துவிட்டார். அவருக்கு நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். புதுத் தாள் எடுத்தேன்.

சோதனை முடிந்து எல்லாத் தாள்களையும் அடுக்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவர்கள் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தார்கள். இதையே பட்டியலாகக் காட்ட முடியுமா? தலைவருக்கு முகம் வாடிவிட்டது. கடைசியில் பட்டியலே முன்னால் வரும், மேப் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பொத்தான் என்று முடிவானது. புரோகிராமர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம், "பரவாயில்லக்கா, பத்து பேர் நடந்தாலும் அது ரோடுதான்" என்றார். அந்தப் பொத்தான் இன்றும் இருக்கிறது. நான் இன்றும் அதே மேசையில்தான் உட்காருகிறேன்.

மகள் போன மாதம் ஏதோ அசைன்மென்ட்டுக்காக மேப்பைத் திறந்து பார்த்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"தலை சுத்துதும்மா. லிஸ்ட்டே போதும் லா."

சரி என்றேன்.